பீப்பாயைக் கைது செய்தவர்கள்

கேள்வி இதுதான்: "அந்தக் காலத்தில் அதிகாரத்தில் இருந்தவர்களை மக்கள் கிண்டல் செய்தும் சீண்டியும் எதிர்த்ததாகப் படிக்கிறோம். ஒரு கல் எறியாமல், குறும்பால் மட்டுமே எதிர்ப்பது இன்றைக்குப் பலிக்குமா? இல்லை, சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. சிரிப்பால் அதிகாரம் ஆட்டம் காணுமா என்பது ஒன்று. கேமராவும் கைப்பேசியும் எல்லாரையும் காட்டிக்கொடுக்கும் காலத்தில் அந்தக் குறும்புக்கு யார், என்ன விலை கொடுப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்வேன். இரண்டாவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சமூக இயக்கங்களின் வரலாற்றை இருபது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் பாடம் எடுத்தவன் நான். தெருவில் நின்று தடியடி வாங்கியவன் இல்லை. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வகுப்பில் இந்தப் பாடத்தை எப்போதும் ஒரு பீப்பாயிலிருந்துதான் தொடங்குவேன். செர்பியாவில் மிலோசெவிச் ஆட்சியில் இருந்த சமயம். 1998 அக்டோபரில் பெல்கிரேட் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஓட்போர்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்கே எதிர்ப்பு என்றுதான் பொருள். ஒருநாள் கடைத்தெருவில் ஒரு பழைய இரும்புப் பீப்பாயை நிறுத்தி, அதன்மேல் மிலோசெவிச்சின் முகத்தை வரைந்து, பக்கத்தில் ஒரு தடியை வைத்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் போய் உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு தினார் போட்டால் அந்த முகத்தில் ஓர் அடி அடிக்கலாம். போகிற வருகிறவர்கள் முதலில் தயங்கினார்கள். ஒருவர் அடித்தார். அப்புறம் வரிசை நின்றது. குழந்தையோடு வந்தவர்களும் அடித்தார்கள். சத்தம் கேட்டுப் போலீஸ் வந்தது. யாரைப் பிடிப்பது? ஏற்பாடு செய்தவர்களைக் காணோம். வரிசையில் நிற்பவர்கள் சாமான் வாங்க வந்த சாதாரண ஜனங்கள். கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் அந்தப் பீப்பாயைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பீப்பாயைக் கைது செய்த போலீஸின் படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது, சிரிப்பு எந்த இடத்தில் பிறந்தது என்பதை. முகத்தில் அடித்தது சாதாரண வேடிக்கைதான். பீப்பாயைத் தூக்கியதில்தான் சிரிப்பு பிறந்தது; அந்தச் சிரிப்பைச் செய்து கொடுத்தது போலீஸ். சும்மா விட்டிருந்தால் நாள் முழுக்கத் தலைவருக்கு அடி விழுந்திருக்கும். தடுத்ததால் மானம் போயிற்று. நம்மூர்ச் சொல்லில் சொன்னால் இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. நல்ல குறும்பு எதிர்ப்புகள் எல்லாவற்றிலும் இந்த அமைப்பு இருக்கும்: அதிகாரம் எந்தப் பக்கம் போனாலும் சுட வேண்டும், செயலைவிடத் தண்டனை கேலிக்குரியதாகத் தெரிய வேண்டும். இந்த அமைப்பு இல்லாத நையாண்டி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது நையாண்டியாகவே நின்றுவிடும்.

இதை நாம் செர்பியாவிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார். தஞ்சை கலெக்டராக இருந்த தார்ன், இவர்களுக்குச் சோறு போடுவதும் தங்க இடம் கொடுப்பதும் குற்றம் என்று துண்டுப் பிரசுரம் போட்டும் தண்டோரா அடித்தும் அறிவித்தார். கணக்கு சுலபம்: பசித்தால் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியெங்கும் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை! தார்ன் என்ற பெயர் ஆங்கிலத்தில் முள் என்று ஒலிப்பதை வைத்து, முள்ளும் நெருஞ்சியும் இந்த வெள்ளத்தைத் தடுக்குமா என்ற பொருளில் ராஜாஜி ஒரு கிண்டலும் செய்தார். ஆட்சியின் மேல் மக்களுக்கு என்றாவது பக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அது செத்துவிட்டது என்ற பொருளில் தார்னே மேலிடத்துக்கு எழுதினார். மரத்தில் பொட்டலம் கட்டியவர்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள், கூட்டத்தில் ஏறிப் பேசத் துணியாதவர்கள். இருட்டில் ஒரு முடிச்சுப் போடும் அளவுக்குத்தான் தைரியம் தேவைப்பட்டது, அது எல்லாரிடமும் இருந்தது.

அதே வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளியின் கதையையும் சொல்வார்கள். சவரம் செய்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரியவந்ததும், பாதி முகத்தோடு நிறுத்திவிட்டாராம். வழக்கு போய், மீதியை முடித்துவிடு என்று நீதிபதி சொன்னபோது, கத்தியை அவரிடமே நீட்டி, 'நீங்களே செய்துவிடுங்கள்' என்றாராம். அவருக்கு அந்த ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நீதிமன்ற உரையாடல் வாய்வழியாக வந்தது, சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறியிருக்கும். ஆனால் பாதி மழித்த முகத்தோடு காவல் நிலையத்துக்குத் திரும்பும் ஒரு போலீஸ்காரரை நினைத்துப் பாருங்கள். பத்துப் பொதுக்கூட்டம் செய்யாததை அந்த ஒரு கன்னம் செய்திருக்கும்.

இன்னொரு வகைக் குறும்பு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் அதற்கு அழகான பெயரும் இருக்கிறது: வஞ்சப்புகழ்ச்சி. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்டபோது ஔவையார் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வேல்களெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. பாராட்டைக் கேட்டு மன்னன் சிரிப்பதா, வாளை உருவுவதா? பாராட்டியவரைத் தண்டித்தால், குத்தியது பட்டுவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

போலந்தின் விராட்ஸ்வாஃப் நகரத்தில் 1980களில் இயங்கிய 'ஆரஞ்சு மாற்று' என்ற கூட்டம் செய்தது அச்சு அசலாக இதைத்தான். 1981 டிசம்பரில் அங்கே இராணுவச் சட்டம் வந்தது. சுவர்களில் எழுதிய அரசு எதிர்ப்பு முழக்கங்களின்மேல் அதிகாரிகள் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். 1982 ஆகஸ்டில் வால்டெமர் ஃபிட்ரிஹ் என்பவரும் நண்பர்களும் அந்த வெள்ளைத் திட்டுகளின்மேல் குள்ளர் படங்களை வரையத் தொடங்கினார்கள், கூர்தொப்பி வைத்த தேவதைக் கதைக் குள்ளர்கள். திட்டு இருந்தால் அடியில் ஏதோ முழக்கம் இருந்தது என்று அர்த்தம். அதன்மேல் குள்ளர் சிரித்தால், மறைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அர்த்தம். 1987 நவம்பரில், ரஷ்யப் புரட்சியின் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், எல்லாரும் சிவப்பு உடுத்தி வந்து புரட்சியைக் கொண்டாட வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். அட்டையில் போர்க்கப்பல் செய்து கொண்டுவந்தார்கள். சிவப்புச் சட்டை இல்லாதவர்கள் ரொட்டியில் தக்காளிச் சாறு தடவிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கம்யூனிஸ்ட் அரசின் போலீஸ், கம்யூனிஸ்ட் புரட்சியைக் கொண்டாடியதற்காகச் சிவப்பு உடுத்தியவர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. 1988 ஜூன் 1, குழந்தைகள் தினத்தன்று ஆயிரக்கணக்கானோர் ஆரஞ்சு நிறக் குள்ளர் தொப்பியோடு ஊர்வலம் போனார்கள். 'சட்டவிரோதமான குள்ளர் கூட்டத்தில் ஏன் கலந்துகொண்டாய்?' என்று விசாரிக்க வேண்டிய நிலைக்கு வந்த அதிகாரியை யார் மதிப்பார்கள்? இன்று அந்த ஊர்த் தெருக்களில் நூற்றுக்கணக்கான சிறு வெண்கலக் குள்ளர்கள் நிற்கிறார்கள். முதலாவது 2001இல் வைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் குனிந்து படம் எடுக்கிறார்கள். எத்தனை பேருக்கு அதன் கதை தெரியும் என்பது வேறு விஷயம்.

தொப்பி என்றதும் இன்னொன்று. நார்வேயை ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருந்தபோது, 1940இல் மாணவர்கள் சட்டைக் காலரில் காகித கிளிப் மாட்டிக்கொண்டார்கள். தாள்கள் சேர்ந்திருப்பதுபோல் நாமும் சேர்ந்திருக்கிறோம் என்பது சேதி. அதற்குத் தடை வந்தது. சிவப்புப் பின்னல் தொப்பி வழக்கமானது. 1942 பிப்ரவரியில் டிரோன்ஹைம் போலீஸ் அதையும் தடை செய்தது. ஒரு வல்லரசின் படை, கம்பளித் தொப்பியைத் தடை செய்து ஆணை பிறப்பிக்கிறது. அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்?

சரி, இதனாலெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடிய பயன் ஒன்றுதான்: பயம் எல்லாருக்கும் தனித்தனியாக இருக்கிறது, அது அப்படித் தனித்தனியாக இருக்கும் வரைதான் செல்லும்; குறும்பு அந்தத் தனிமையை உடைக்கிறது. இராணுவச் சட்டம் இருந்தபோது 1982 பிப்ரவரியில் போலந்தின் ஷ்விட்னிக் என்ற சிறு நகரத்தில் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரவு ஏழரை மணி அரசுச் செய்தி தொடங்கும் நேரத்தில் குடும்பத்தோடு வீட்டைவிட்டு இறங்கி உலாவப் போனார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி ஜன்னலில் வைத்தார்கள். சிலர் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள், அதுவும் காற்று வாங்கட்டும் என்று. உலாவுவது குற்றமில்லை. ஆனால் தெருவில் இறங்கிய ஒவ்வொருவரும் கண்டது, செய்தியை நம்பாதவன் தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதை. அதுவரை அதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஊரடங்கு இரவு ஏழு மணிக்கே தொடங்கும்படி அரசு மாற்றியது. மக்கள் ஐந்து மணிச் செய்திக்கு உலாவப் போனார்கள். சட்டையில் மின்தடையம் என்ற சிறு மின்னணுப் பாகத்தைக் குத்திக்கொள்வதும் அப்போது பரவியது. போலிஷ் மொழியில் அதன் பெயருக்கும் எதிர்ப்பு என்ற சொல்லுக்கும் ஒரே வேர்.

இதற்கு மேல் உரிமை கொண்டாடினால் நான் தடுமாறுவேன். மிலோசெவிச் 2000 அக்டோபர் 5 அன்று விழுந்தார். பீப்பாயா அவரைத் தள்ளியது? அதற்கு முந்தின மாதம், செப்டம்பரில், தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிகளில் எதிர்க்கட்சியினர் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையும் எண்ணி வைத்திருந்தார்கள். கொலுபாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ்காரர்களின் சொந்தப் பிள்ளைகளே கூட்டத்தில் இருந்தார்கள். பீப்பாய் செய்தது, இரண்டு வருடங்களுக்கு முன் வாய் திறக்கப் பயந்தவர்களை அன்றைக்குத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. அவ்வளவுதான் என் மதிப்பீடு. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரிய போராட்டங்களை எடுத்து ஒப்பிட்டதில், வன்முறையற்றவை 53 சதவீதம் வென்றன, ஆயுதம் ஏந்தியவை 26 சதவீதம். இதைக் காட்டி, குறும்பு ஜெயிக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த எண்கள் அளப்பது வன்முறையின்மையை. குறும்பு அதில் ஒரு சின்ன உறுப்பு. ஜீன் ஷார்ப் 1973இல் தொகுத்த 198 வன்முறையற்ற வழிமுறைகளில் கேலி நாடகமும் குறும்பும் சேர்ந்து ஒரே ஒரு வரி என்பதை நினைவில் வையுங்கள்.

கதைகளையும் சலிக்க வேண்டும். டென்மார்க் மன்னர் யூதர்களுக்கு ஆதரவாகத் தானே மஞ்சள் நட்சத்திரம் அணிந்து குதிரையில் வந்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. டென்மார்க்கில் யூதர்கள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணையே வரவில்லை. டேனிஷ் மக்கள் 1943இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஸ்வீடனுக்கு அனுப்பிக் காப்பாற்றியது உண்மை. அதில் வேடிக்கை எதுவும் இல்லை, பயமும் இருட்டும் கடலும்தான். நல்ல குறும்புக் கதையாக இருப்பதாலேயே ஒரு கதையை நம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை வகுப்பில் தவறாமல் சொல்வேன்.

என் சொந்த அனுபவம் மிகச் சின்னது, ஆனால் காரணகாரியம் எவ்வளவு குழப்பமானது என்பதைக் காட்டும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், ஆசிரியர்கள் அறையைவிட்டு எப்போது வெளியே போனாலும் நேரமும் காரணமும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதிர்த்து மனு கொடுத்தோம், கிடப்பில் போட்டார்கள். சரி என்று உத்தரவை மதிக்க ஆரம்பித்தோம், கொஞ்சம் அதிகமாகவே. 'தண்ணீர் குடிக்க. திரும்பிய நேரம் 11.04.' 'தண்ணீர் சூடாக இருந்ததால் மீண்டும். 11.09.' 'தும்மல் வந்ததால் பிறர் நலன் கருதி.' மூத்த பேராசிரியை ஒருவர் கழிப்பறை விவரங்களை அசாத்திய நேர்மையோடு எழுதினார். ஒவ்வொரு பக்கத்தையும் அலுவலகம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது. சில வாரங்களில் பதிவேடு சத்தமில்லாமல் காணாமல் போனது. நாங்கள் வென்றதாக இன்றும் சொல்லிக்கொள்வோம். ஆனால் அதே மாதம் ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது, அதன் கண்ணில் அந்தப் பதிவேடு பட்டுவிடக் கூடாது என்று மேலே நினைத்திருக்கவும் கூடும். தொழிற்சங்கங்கள் 'விதிப்படி வேலை' என்று சொல்வதும் இதைத்தான்: விதியை மீறாமல், விதியின் எடையைக் கொண்டே அதை நசுக்குவது.

இனி இன்றைய நிலைமை. உத்தி பழையதாகிவிடவில்லை. 2022 நவம்பரில், கொரோனா ஊரடங்கில் இருந்த உரும்சி நகரில் ஒரு குடியிருப்பில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தபின் சீன நகரங்களில் மக்கள் வெற்றுத் தாளை ஏந்தி நின்றார்கள். எழுதினால்தானே குற்றம்? பெய்ஜிங்கில் ஊரடங்கை எதிர்த்துக் கோஷம் போடாதீர்கள் என்று போலீஸ் சொன்னதும், கூட்டம் 'எங்களுக்கு ஊரடங்கு வேண்டும், பரிசோதனை வேண்டும்' என்று கத்த ஆரம்பித்தது. ஔவையாருக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அடுத்த மாதமே கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நோய் ஏற்கெனவே கைமீறிப் பரவிக்கொண்டிருந்ததும் பொருளாதாரச் சரிவும் அதற்குக் காரணம். தாள் பிடித்தவர்களில் சிலர் பின்னர் ஒவ்வொருவராக அழைத்துச் செல்லப்பட்டு மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். அங்கேதான் கேமராவின் வேலை. அன்றிரவு கூட்டத்தைத் தொடாமல், கூட்டம் வீட்டுக்குப் போனபின் கதவைத் தட்டலாம். பீப்பாயைத் தூக்கும் அவமானம் அதிகாரத்துக்கு இனி கட்டாயமில்லை. அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் நான் காணும் மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்.

அவமானத்தைப் பொருட்படுத்தாத ஆட்சிகளும் உண்டு. பெலாரஸில் 2011இல் மக்கள் முழக்கம் எதுவும் இல்லாமல் தெருவில் நின்று கை தட்டினார்கள். கை தட்டியவர்களைப் பிடித்தார்கள், ஒற்றைக் கை உள்ள ஒருவரையும் கை தட்டியதற்காகப் பிடித்தார்கள். இதற்காக அந்நாட்டு அதிபர் லுகாஷென்கோவுக்கும் போலீசுக்கும் 2013இல் இக் நோபல் அமைதிப் பரிசு, அதாவது கேலிப் பரிசு, கிடைத்தது. உலகம் சிரித்தது. அவர் 1994லிருந்து இருக்கும் நாற்காலியில் அப்படியே இருந்தார். 2012 ஜூலையில் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு விளம்பரக் குழு சிறு விமானத்தில் போய்ப் பேச்சுரிமை வாசகம் கட்டிய நூற்றுக்கணக்கான கரடிப் பொம்மைகளை அந்நாட்டில் போட்டுவிட்டுத் திரும்பியது. தளபதிகள் பதவி இழந்தார்கள், நல்ல வேடிக்கைதான். ஆனால் பொம்மைகளின் படத்தை வெளியிட்ட உள்ளூர் இளைஞர் சிறைக்குப் போனார். விளையாடியது ஒருவர், விலை கொடுத்தது இன்னொருவர். இதை நான் குறும்பு என்று சொல்லத் தயங்குகிறேன். தாய்லாந்தில் 2020இல் தண்ணீர்ப் பீரங்கிக்கு எதிராகக் காற்றடைத்த ரப்பர் வாத்துகளைக் கேடயமாகப் பிடித்தார்கள், உலகமே ரசித்தது. அந்த வாத்துப் படம் போட்ட நாட்காட்டியை விற்றவருக்கு 2023இல் மன்னரை இழிவுபடுத்தியதாக இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை.

கைப்பேசியில் பகிரும் மீம்கள் பற்றியும் கேட்பீர்கள். என் கருத்து கொஞ்சம் கசப்பானது. ஷ்விட்னிக்கில் உலாவப் போனவர் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். மீமைப் பார்த்துச் சிரிப்பவர் தன் அறையில் சிரிக்கிறார், கோபம் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. ஆயிரம் பேர் சிரித்ததாக எண்ணிக்கை காட்டும். அதில் ஒருவராவது நாளை உங்களோடு நிற்பாரா என்பதை அது காட்டாது. மீம் பயனற்றது என்று சொல்லவில்லை. ஆட்களை ஓரிடத்துக்குக் கூட்டிவரும்போது அது வேலை செய்கிறது. அதோடு முடிந்துபோனால் அதிகாரத்துக்கு அதைவிடச் சௌகரியமான எதிர்ப்பு இல்லை.

ஆகவே உங்களுக்கு ஏதாவது செய்யும் எண்ணம் இருந்தால், எது சிரிப்பு மூட்டும் என்று தொடங்காதீர்கள். மாட்டிக்கொள்ளப் போவது யார், அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். சிரிப்பு மேல்நோக்கிப் போகிறதா என்றும் பாருங்கள். வாசலில் நிற்கும் காவலரின் உடம்பையோ ஊரையோ பேச்சையோ கிண்டல் செய்தால், நாளை கட்டளையை மீறி உங்கள் பக்கம் வந்திருக்கக்கூடிய ஒருவரை இழப்பீர்கள். மூன்றாவதாக, ரொம்பப் பயந்த ஒருவர்கூடச் செய்யக்கூடிய ஒரு பங்கு அதில் இருக்க வேண்டும், மரத்தில் பொட்டலம் கட்டுவதைப்போல.

ஆட்களே நிற்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு சைபீரியாவின் பர்னாவுல் நகரத்தார் 2012 ஜனவரியில் ஒரு வழி கண்டார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதால், நேர்மையான தேர்தல் கேட்கும் சிறு பலகைகளைப் பிடித்தபடி பொம்மைகளைப் பனியில் வரிசையாக நிறுத்தினார்கள். மனிதர்கள் யாரும் கோஷம் போடவில்லை, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த முறை பொம்மைகளுக்கே முறைப்படி அனுமதி கேட்டபோது நகர நிர்வாகம் மறுத்தது. பொம்மைகள், அதிலும் இறக்குமதிப் பொம்மைகள், ரஷ்யக் குடிமக்கள் அல்ல, மனிதர்களும் அல்ல, ஆகவே கூட்டம் போட முடியாது என்று ஓர் அதிகாரி செய்தியாளர்களிடம் விளக்கினார். உள்நாட்டுப் பொம்மை என்றால் பரிசீலித்திருப்பார்களோ என்னவோ.